அராலியாவுக்கு வைத்தியம் பார்த்தவன்

மழை... யாரையும் கேட்காமல் கொட்டியது. ஏற்காடு ரோட்டில் சைக்கிள் மிதித்து வந்த செங்கோடன், அஸ்தம்பட்டியில் கண்ணில் பட்ட முதல் கேட்டுக்குள் ஒதுங்கினான்.

போர்ட்டிகோ ஓரமாக ஒரு வரிசைச் செடி. இலைகளின் விளிம்பெல்லாம் சுண்ணாம்பில் தோய்த்தாற்போல் வெள்ளை. அடப் பாவமே... நோய்!

எருமப்பட்டியில் அவர்கள் வெண்டைக்காட்டில் இலை வெளுத்தால் அவன் அப்பா அர்த்தநாரி அப்போதே பிடுங்கி எறிவார். விட்டால் காடு முழுக்கப் பரவும். மழை நிற்கும்வரை சும்மா நிற்பானேன் என்று செங்கோடன் வெள்ளைக் கிளைகளை ஒவ்வொன்றாக ஒடித்துக் குவித்தான். பச்சையாக இருந்த இரண்டு கிளைகளை மட்டும், "நீங்களாச்சும் பொழைச்சுக்கோங்க" என்று விட்டுவைத்தான்.

"ஏனுங்க... என்னங்க பண்றீங்க?"

திரும்பினான். கண்கள்... மை எழுதிய, அகன்ற கண்கள். மழைத்துளி பட்ட இமைகள். அவற்றில் அப்போதைக்குக் கொலை செய்யும் எண்ணம் மட்டுமே இருந்தது.

"நோவுங்க. பரவிரும். நல்லவேளை நான் வந்தேன்."

"நோவா? அராலியாங்க அது! அந்த வெள்ளைக்காகத்தான் ஏற்காட்டுல இருந்து குச்சி கொண்டாந்து ரெண்டு வருசமா வளர்த்தேன். ஆருங்க நீங்க?"

"காலேஜுல... பாட்டனி படிக்கிறேனுங்க."

அவள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். "எந்தக் காலேஜுன்னு மட்டும் சொல்லிராதீங்க. அதுக்காச்சும் மானம் மிஞ்சட்டும்."

காதல் அந்த இடத்தில்தான் வந்தது என்பான் செங்கோடன். அறிவுக் குறைபாடு என்பார்கள் விடுதி நண்பர்கள்.

அடுத்த ஞாயிறு, பிராயச்சித்தமாக ஒரு சாக்கு ஆட்டெருவோடு வந்து நின்றான். ஊரிலிருந்து பஸ்ஸில் அவன் பக்கத்தில் யாருமே உட்காரவில்லை.

"இதெதுக்குங்க?" என்றாள் சாரதாமணி. "எருவை அள்ளிப் போட்டா வெறும் பச்சையா அடிச்சுக்கிட்டு வரும். இதைக் கொஞ்சம் காயப்போட்டுத்தான் வளர்க்கோணும்."

"செடியையா, என்னையா?"

"ரெண்டு பேத்தையுந்தான்."

சொல்லிவிட்டுச் சட்டென்று குனிந்துகொண்டாள். காது மட்டும் சிவந்திருந்தது...

அவள் அம்மா வசந்தாமணி எட்டிப் பார்த்தாள். சாக்கைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், எரு விற்கிறவன் என்று முடிவு கட்டினாள். இருவருமே அதை மறுக்கவில்லை. எருக்காரனிடம் யாரும் குலம் கோத்திரம் விசாரிப்பதில்லை. அப்பா அப்புசாமியோ பொழுதுக்கும் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில்.

அதன்பின் ஞாயிறுதோறும் வைத்தியம். பச்சைத் துளிருக்கு வேகம் அதிகம், விட்டால் வெள்ளையை எழவே விடாது. எனவே பச்சை எட்டிப் பார்க்கும்போதே கிள்ள வேண்டும். காலை வெயில் பட வேண்டும், உச்சி வெயில் ஆகாது, வெள்ளை கருகிவிடும். அதற்காகப் பழைய சேலை ஒன்றைப் பந்தலாகக் கட்டினார்கள். துளிர் கிள்ளுவது ஓர் ஆள் கால் மணியில் முடிக்கும் வேலை. இருவர் சேர்ந்து செய்ததால் மத்தியானம் வரை இழுத்தது.

ஐப்பசியில், மொட்டையாய் நின்ற தண்டிலிருந்து ஒரே ஒரு இலை... விளிம்பில் நூல் பிடித்தாற்போல் வெள்ளை. சாரதாமணியின் கண்கள் நிறைந்துவிட்டன. செங்கோடன் அந்தக் கண்களையே பார்த்தான்.

"உங்கப்பாகிட்டப் பேசட்டுங்களா?"

அவள் முகம் மாறியது. "இப்ப வேண்டாங்க... இன்னும் கொஞ்ச நாள் போவட்டும்."

"போனா நான் கெழவனாயிருவேனுங்க."

"ஆவுங்களேன். இங்கதான வரப்போறீங்க..."

வெட்கம் என்று நினைத்துக்கொண்டான். அதோடு ரோசம் வேறு. எருக்காரனாகவே எத்தனை நாள் பக்கவாட்டு வழியில் நுழைவது? மறுநாள் சாயங்காலம், இஸ்திரி போட்ட சட்டையோடு முன்வாசல் வழியாகவே போனான். திட்டினால் என்ன சொல்வது, அடித்தால் எப்படி நிற்பது என்று எல்லாம் ஒத்திகை பார்த்திருந்தான்.

"நம்ம எருக்காரத் தம்பிங்க" என்று சொல்லிவிட்டு வசந்தாமணி உள்ளே போனாள். அப்புசாமி நாற்காலியைக் காட்டினார். "எந்தூரு தம்பி?"

"எருமப்பட்டிங்க. அர்த்தநாரி மகனுங்க."

"என்ன கூட்டம்?"

சொன்னான். அப்புசாமி எழுந்தார். அடிதான் என்று செங்கோடன் கண்ணை மூடிக்கொண்டான்... அவர் அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்!

"அட, நம்ம பங்காளி ஊட்டுப் பையன்! வசந்தாமணி, இங்க வா! உன்ற எருக்காரன் ஆருன்னு பாரு!"

ஒரே குலக் கூட்டத்தில் பிறந்தவர்கள், எத்தனை ஊர் தள்ளி இருந்தாலும் அண்ணன் தங்கை. சுப்ரீம் கோர்ட்டே வந்தாலும் அதற்கு அப்பீல் கிடையாது. அடி, திட்டு, அவமானம் எல்லாவற்றுக்கும் தயாராக வந்தவன், பாசத்துக்கு மட்டும் தயாராக வரவில்லை.

"புள்ளைக்கு ஒரு அண்ணன் இல்லியேன்னு மருகிக்கிட்டுக் கெடந்தேன். தையில ஒரு வரன் தகையுமாட்டம் இருக்குது. முன்னால நின்னு நடத்த ஆளாச்சு!" என்றார் அப்புசாமி. "ஆமா... என்ன சோலியா வந்தே சாமி?"

"சும்மா... உங்களையெல்லாம் பார்த்துட்டுப் போலாம்னுங்க."

ஒரு டம்ளர் காப்பி. ஒரு தட்டு முறுக்கு. சாப்பிட்டான். வேறென்ன செய்வது?

வெளியே, சேலைப் பந்தலுக்குப் பக்கத்தில் சாரதாமணி நின்றிருந்தாள். அவன் அவளருகே போனான்.

"சாரதா... கூட்டம்... ஒண்ணுதானாம்."

"தெரியுமுங்க."

"கேட்டுட்டு இருந்தீங்களா?"

"இல்லீங்க. ஆடியிலயே தெரியும்." அவள் குரல் தாழ்ந்தது. "சின்னாயி அத்தை நோம்பிக்கு வந்தப்ப நீங்க கேட்டைத் தொறந்துக்கிட்டு போனீங்க. அதாரு, நம்ம அர்த்தநாரி அண்ணன் மகனாட்டம் இருக்குதேன்னாங்க. நாந்தான், இல்லீங்கத்தை, அது வேற ஆருன்னு சொல்லிட்டேன்."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமுங்கல்ல..."

"சொல்லியிருந்தா அன்னைக்கே அண்ணனாயிருப்பீங்க." நிமிர்ந்து பார்த்தாள். கண்ணில் நீர் இல்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. "எனக்கு அது வேண்டாம்னு இருந்துச்சுங்க. பாவம்னு தெரியும். தெரிஞ்சேதான் ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் தலைக்கு ஊத்தி, பூ வச்சுக்கிட்டு, கேட்டையே பார்த்துட்டு நின்னேன். எனக்கு உங்களைப் புடிக்கும். இனி ஆருகிட்டயும் இதைச் சொல்ல முடியாது... உங்ககிட்டயும்."

உள்ளேயிருந்து வசந்தாமணியின் குரல், புது உறவின் உற்சாகத்தோடு வந்தது. "சாரதா! அண்ணனைச் சோறு உண்டுட்டுப் போகச் சொல்லு சாமி!"

சாரதாமணி அவனைப் பார்த்தாள்.

"சோறு உண்டுட்டுப் போங்க..."

அந்தப் பேச்சின் கடைசியில் இன்னும் ஒரு சொல் வர வேண்டும். செங்கோடன் காத்திருந்தான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு, அதைச் சொல்லாமலே உள்ளே போய்விட்டாள்.