ஷட்டரின் உட்புறம்

பன்னிரண்டு ஆண்டுகள் பூட்டிக் கிடந்த காரின் ஓட்டுநர் பக்கக் கண்ணாடி பனித்திருந்தது. அவன் கைக்குட்டையால் துடைத்தான், போகவில்லை. அழுத்தித் துடைத்தபோதுதான் அந்தப் பனிப்பு உட்புறத்தில் இருப்பது தெரிந்தது. அடைத்த இடத்தில் நெடுநேரம் மூச்சுவிட்ட ஒருவரின் வாயருகே படிவதுபோல், உள்ளங்கையளவு வட்டம்.

"சார், இது பெட்ரோல் இல்ல, வார்னிஷ்" என்றார் மெக்கானிக், பானெட்டின் பின்னாலிருந்து. டாங்கிலிருந்து மாதிரிக்கு எடுத்த திரவம் அவர் கைப் பாட்டிலில் கடுந்தேநீர் நிறத்தில் ஆடியது. புளித்த, தொண்டையைப் பிடிக்கும் நெடி ஷெட் முழுவதும் பரவிற்று. "ரெண்டு நாற்காலிக்கு அடிச்சா பளபளன்னு இருக்கும்."

அவன் கடிகாரத்தைப் பார்த்தான். ஐந்தே கால். ஆறு மணிக்கு அண்ணி வருகிறாள்.

வீடு கைமாறிவிட்டது. கட்டில், பீரோ, சமையலறை வானொலி எல்லாம் சென்ற வாரமே போய்விட்டன. காலையில் மின்சாரத்தையும் துண்டித்துவிட்டார்கள். நாளை ஷெட்டை இடிப்பார்கள். எஞ்சியிருப்பது அண்ணனின் கார் ஒன்றுதான். அதை அண்ணி கொண்டுபோகப் போகிறாள். அவள் வருவதற்குள் கார் தெருவாசலில் நிற்க வேண்டும். அவள் இந்த ஷெட்டுக்குள் கால் வைக்கவே கூடாது. இரும்பு ஷட்டர் மேலே சுருண்டிருக்கும்வரை அதன் உட்புறம் எவர் கண்ணிலும் படாது. அண்ணாந்து அந்தச் சுருளைப் பார்ப்பதும் தலையைத் திருப்பிக்கொள்வதுமாக அவன் அன்று எத்தனை முறை நடந்திருப்பான் என்பது அவனுக்கே தெரியாது.

"கார்புரேட்டரைக் கழுவிட்டேன், புது பேட்டரி மாட்டியாச்சு. இனி டாங்கைத்தான் வடிக்கணும்" என்று மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டார். "நல்ல பெட்ரோலும் ஒரு டியூபும் வாங்கிட்டு வந்துடறேன். அதுவரைக்கும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க சார்."

"பண்ணினா?"

"ஓடாது. ஓடிட்டா அதைவிட வம்பு. பழைய பெட்ரோல்ல எஞ்சின் சூடாயிடுச்சுன்னா சாவியைப் பிடுங்கினாலும் நிக்காது. என் மாமியார் மாதிரி. நிறுத்தச் சொன்னாத்தான் சத்தம் ஜாஸ்தியாகும்." அவர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். "கியர்ல போட்டு கிளட்சை விட்டா அடங்கிடும். மாமியாருக்குத்தான் அந்த வசதி இல்ல."

அவருடைய ஸ்கூட்டரின் ஒலி தெருமுனையில் தேய்ந்தது. அவன் அசையாமல் நின்றான். பன்னிரண்டு ஆண்டுகளாக விளங்காத ஒன்று, ஒரு மாமியார் கேலியில் விளங்கிவிட்டது.

அண்ணன் காரை மாதத்துக்கு ஒருமுறைதான் எடுப்பான்; தம்பி கையில் சாவியை ஒருபோதும் தரமாட்டான். அந்தக் கடைசி நாள் காலை அதற்காகத்தான் வாய்ச்சண்டை. மாலையில் அண்ணன் காரை உள்ளே நிறுத்தியதும், எஞ்சின் அடங்குமுன்பே, இவன் வெளியிலிருந்து ஷட்டரை இறக்கிக் கொக்கியை மாட்டினான். ஐந்து நிமிடம் கிடக்கட்டும், கொழுப்பு அடங்கட்டும். தட்டும் ஒலி கேட்டது. சமையலறைக்குப் போய் வானொலியின் சத்தத்தைக் கூட்டினான். தட்டல் வேகமாயிற்று, இன்னும் கூட்டினான். அரைமணி நேரம் கழித்துக் கொக்கியை எடுத்தபோது புகைக்குள் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. சாவியோ, தரையில் உயிரற்றுக் கிடந்த அண்ணனின் மூடிய கைக்குள் இருந்தது. அந்த விரல்களைப் பிரித்துச் சாவியைத் துளையில் செருகியவன் அவன். கொக்கி மாட்டியே இருக்கவில்லை என்று எல்லோரிடமும் சொன்னவனும் அவன். அண்ணன் தட்டித் தட்டி ஷட்டரின் உட்புறத்தில் விழுந்த பள்ளங்களை மட்டும் அவனால் நிமிர்த்த முடியவில்லை.

கைப்பேசி ஒலித்தது.

"தம்பி, சீக்கிரமே கிளம்பிட்டேன். பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்."

"மெதுவா வாங்க அண்ணி. காரை வாசல்ல கொண்டாந்து நிறுத்திடறேன்."

"வேணாம், உள்ளயே இருக்கட்டும். ஒருதரம் நான் உள்ள நின்னு ஷட்டரை எறக்கிப் பாக்கணும் தம்பி. கொக்கி மாட்டலைன்னா உள்ளேருந்து தூக்கிட முடியுந்தானே? மனசுக்குள்ள ஒரு அரிப்பு, அவ்வளவுதான்."

அவன் காருக்குள் ஏறினான். இருக்கையில் பூஞ்சை மணத்தது. அதற்கடியில், அண்ணன் தலைக்குத் தேய்க்கும் எண்ணெயின் மணம். கண்ணாடியிலிருந்த வட்டம் சற்றுப் பெரிதாகியிருந்ததைப் பார்க்காததுபோல் இருந்துகொண்டு, சாவியைத் திருப்பினான். எஞ்சின் முனகிற்று, இருமிற்று, அடங்கிற்று. மீண்டும் திருப்பினான். மூன்றாம் முறை, அடிவயிற்றிலிருந்து செருமுவதுபோல் ஒரு குலுக்கலுடன் அது பற்றிக்கொண்டது. புளித்த வெண்புகை பின்புறம் எழுந்து, பின்னோக்குக் கண்ணாடியிலிருந்த வாசலின் மாலை வெளிச்சத்தை மெல்ல மறைத்தது.

ஓடிவிட்டது! பின்னால் எடுத்தால் போதும், பதினைந்தடி. கிளட்சை மிதித்து, கியர்த் தண்டைப் பற்றினான்.

தண்டில் ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

குளிர்ந்த கை. மூடியிருந்த கை. அவன் தன் கையைச் சட்டென்று இழுத்துக்கொண்டு பார்த்தான். தண்டுதான் இருந்தது, தேய்ந்த கறுப்புக் குமிழுடன். மீண்டும் தொட அவனுக்குத் துணிவு வரவில்லை. சாவியைத் திருப்பிப் பிடுங்கினான்.

எஞ்சின் நிற்கவில்லை.

பின்னால் இரும்பு கிரீச்சிட்டது. கண்ணாடியில் வாசல் குறுகியது. ஒரு பட்டை. இன்னொரு பட்டை. கடைசியில் தரையோடு ஒரு வெளிச்சக் கோடு. அதுவும் போயிற்று. வெளியே கொக்கி மாட்டிக்கொண்டது. அந்த ஒலியை அவன் அறிவான்.

"அண்ணி?"

இருமினான். இறங்கினான். புகைக்குள் கையை நீட்டிக்கொண்டே நடந்தான். விரலில் இரும்பு. பள்ளம். பக்கத்தில் இன்னொரு பள்ளம்.

"அண்ணி! மெக்கானிக்! யாராவது கொக்கியை எடுங்க!"

தட்டினான். சாவியை மூடிய கையாலேயே தட்டினான். ஓங்கிய கை பழைய பள்ளத்தில் கச்சிதமாகப் பொருந்தியது. அடுத்த அடியும். அதற்கடுத்ததும். ஒன்றுகூடத் தவறவில்லை.

அப்போது கேட்டது. மின்சாரமில்லாத, ஒரு பொருளும் இல்லாத அந்த வீட்டின் சமையலறையிலிருந்து, வானொலி.

அவன் வேகமாகத் தட்டினான்.

வீட்டுக்குள், யாரோ அதன் சத்தத்தை இன்னும் கொஞ்சம் கூட்டினார்கள்.