முந்திக்கொண்ட மூச்சு

அக்கா இருமுவதற்கு முன்பே திரையில் இருமல் வந்துவிட்டது.

தங்கை கண்ணைக் கசக்கிக்கொண்டாள். அடித்தளத்தில் இருக்கும் அறை, சன்னல் கிடையாது, மதியமா மாலையா என்பது சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தால்தான் தெரியும். ஆறிப்போன காபியின் வாடை, குளிர்சாதனத்தின் முனகல், தடித்த கான்கிரீட் சுவருக்கு அப்பால் இயந்திரத்துக்குக் குளிர்நீர் ஏற்றும் பம்பின் ஓயாத அடிப்பு. பல மாதக் களைப்பு இமைகளில் மணலாக உட்கார்ந்திருந்தது. அவள் அந்த மருத்துவமனையின் கதிர்வீச்சு இயற்பியலாளர். உள்ளே படுக்கையில் கிடப்பவள் அவளுடைய கூடப்பிறந்தவள், நுரையீரலில் கட்டி.

திரையில் இரண்டு கோடுகள் ஓடின. வெள்ளைக் கோடு அக்காவின் மூச்சு. அவள் வயிற்றின் மேல் தீப்பெட்டி அளவில் ஒரு பெட்டி இருக்கும். அது ஏறி இறங்குவதைக் கூரையிலிருக்கும் கேமரா பார்த்து வரையும். நுரையீரல் கட்டி ஓரிடத்தில் நிற்காது, மூச்சோடு சேர்ந்து ஊஞ்சலாடும். அது சரியான இடத்துக்கு வரும்போது மட்டும் கதிர் பாய வேண்டும். தவறினால் அடி பக்கத்திலிருக்கும் இதயத்துக்கு. ஆனால் இயந்திரம் தயாராகக் கண் இமைக்கும் நேரமாவது பிடிக்கும். அதற்காகத்தான் மஞ்சள் கோடு: அடுத்த மூச்சு எப்படி வரும் என்று கணினி முன்கூட்டியே போடும் கணக்கு. ஊருக்கெல்லாம் ஒரே அளவில் சட்டை தைப்பதுபோல், இதுவரை பொதுவான ஒரு மூச்சை வைத்தே கணித்துவந்தார்கள். தங்கையின் ஆராய்ச்சி ஆளுக்கேற்ற சட்டை. ஒவ்வொருவரிடமிருந்தும் அவரவர் மூச்சையே கணினி கற்றுக்கொள்ளும்.

அக்காவின் மூச்சு மட்டும் பிடி கொடுக்கவில்லை. பயத்தில் திணறும், கோடு தாறுமாறாகத் துள்ளும். ஆகவே தங்கை ஒரு காரியம் செய்தாள். அக்காவின் கண்ணில் படம் காட்டும் ஒரு கண்ணாடியை மாட்டி, அதில் அந்த மஞ்சள் கோட்டையே காட்டி, "இதுகூடவே மூச்சு விடுக்கா" என்றாள். அவளைப் பார்த்துக் கணினி கற்றது. கணினியைப் பார்த்து அவள் மூச்சு விட்டாள். சில நாட்களிலேயே இரண்டு கோடுகளும் நகமும் சதையுமாக ஒட்டிக்கொண்டன. பெரிய டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். இதில் யார் யாருக்குப் பின்னால் போகிறார்கள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

"இருமலைக்கூட மோப்பம் பிடிக்குதே மேடம்" என்றார் கொக்கு. இயந்திரத்தை இயக்குபவர், சரியான மூச்சுக்காக ஒற்றைக் காலில் சாய்ந்து நின்று, இமைக்காமல் கோட்டையே பார்த்திருப்பதால் வந்த பெயர். "எங்க வீட்டம்மா எப்பக் கத்துவாங்கன்னு இதுகிட்டக் கேட்டுச் சொல்லுங்களேன். முன்னாடியே வெளிய கிளம்பிடறேன்."

அவள் சிரிக்கவில்லை. கண் இமைக்கும் நேரத்துக்குத்தான் அவள் கணிக்கச் சொல்லியிருந்தாள். மஞ்சள் கோடோ திரையின் வலது ஓரத்தையும் தாண்டிப் போயிருந்தது. திரையை நகர்த்தினாள். மூச்சு. மூச்சு. ஒரு பெருமூச்சு. மறுபடி மூச்சு. இன்னும் நகர்த்தினாள். ஓரிடத்தில் கோடு ஏறியது. இறங்கவில்லை. அளவுகோல் வைத்துக் கிழித்ததுபோல் நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

"கதிரை நிறுத்துங்க அண்ணே."

நிறுத்தினார். அவள் மைக்கை அழுத்தினாள். "அக்கா, கண்ணாடியைக் கழட்டு. உன் இஷ்டத்துக்கு மூச்சு விடு."

உள்ளறையைக் காட்டும் கேமராத் திரையில் அக்காவின் கை மெல்ல எழுந்து கண்ணாடியைக் கழற்றியது. கோடுகள் பிரியவில்லை.

"கழட்டினாலும் தெரியுதுடி." ஒலிபெருக்கியில் தூக்கக் கலக்கமான குரல். "வீட்லயும் தெரியுது. கண்ணை மூடினாலும் தெரியுது."

"ஏன்க்கா எங்கிட்டச் சொல்லலை?"

"நீயே நாயா அலைஞ்சு வர்றே. எனக்கும் அலுத்துப்போச்சுடி. மூச்சு விடறதே ஒரு வேலையா இருந்துச்சு. இப்ப அது பாத்துக்குது."

தங்கை கணிப்பை அணைத்தாள். மஞ்சள் கோடு மறைந்தது.

வெள்ளைக் கோடு படுத்துவிட்டது.

"அக்கா?"

வாய் திறந்தபடி இருந்தது. பெட்டி அசையவில்லை. மறுபடி இயக்கினாள். மஞ்சள் எழுந்தது; பிறகு பெட்டி எழுந்தது. தண்ணீருக்குள்ளிருந்து தலை தூக்கியவள்போல் அக்கா காற்றை வாங்கினாள்.

அணைக்கவும் முடியாது. விடவும் முடியாது. வலது ஓரத்தில் அந்த நேர்கோடு இப்போது தானாகவே தெரிந்தது. நெருங்கிக்கொண்டிருந்தது.

கணினிக்கு அக்கா யார், தங்கை யார் என்று தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் பெட்டி ஒன்றுதான்.

ஓடினாள். கனத்த கதவு, வளைந்த நடை, குளிர். அக்காவின் வயிற்றிலிருந்து பெட்டியை எடுத்து, அந்த ஒடுங்கிய படுக்கையில் அவளை ஒட்டி ஒருக்களித்து ஏறி, மல்லாந்து, தன் வயிற்றில் வைத்துக்கொண்டாள். மூச்சு விட்டாள். ஆழமாக. நிதானமாக.

"மேடம்!" அறையின் ஒலிபெருக்கியில் கொக்கு கத்தினார். "நேர்கோடு போயிடுச்சு! உங்க மூச்சைப் பிடிச்சுக்கிச்சு! அப்படியே இருங்க, நிறுத்திடாதீங்க!"

தோளோடு தோளாக அக்காவின் உடம்பு ஏறி இறங்கியது, கதகதப்பாக. உயிர் இருந்தது. போதும். இப்படியே கிடப்பாள், யாராவது வழி கண்டுபிடிக்கும்வரை. இவளுக்காக மூச்சு விடுவதில் என்ன களைப்பு? தங்கை கண்களை மூடினாள். ஒரு பெருமூச்சு விட்டால் தேவலை என்றிருந்தது.

வரவில்லை.

மறுபடி முயன்றாள். நெஞ்சு கேட்கவில்லை. அவள் கொடுக்காத ஓர் அளவில், மெதுவாக, அதுபாட்டுக்கு ஏறியது. இமைகளுக்குப் பின்னால், இருட்டில், மஞ்சளாக ஒன்று நெளிந்தது.

"அண்ணே..." நெஞ்சு இறங்கும்போது மட்டும்தான் சொல் வந்தது. காத்திருந்தாள். இறங்கியது. "திரையைப்... பாக்காதீங்க."

மைக் திறந்தே இருந்தது. ஒலிபெருக்கியில் மூச்சுச் சத்தம் கேட்டது. கொக்கின் மூச்சு. உள்ளே. வெளியே. அவளோடு. அக்காவோடு. இம்மி பிசகாமல்.

உள்ளே.

மூன்று நெஞ்சுகளும் நிறைந்தன. நிறைந்தபடியே நின்றன.

ஒலிபெருக்கி அடங்கியது.

அக்காவின் கண்கள் மட்டும் மெல்ல அவள் பக்கம் திரும்பின.