கோவில்பட்டி வழியாக முகாமுக்கு

"இந்தக் கரகரப்பைக் கேக்கவா உன்னைக் கூட்டிட்டு வந்தேன்?"

ரெபேக்காள் குணசீலனின் கையிலிருந்து ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். அண்டார்டிகாவின் பனிவெளியில் விண்கல் தேடிப் புறப்பட்ட மூவருக்கு அவள்தான் தலைவி. கல் கிடைத்துவிட்டது! பலாப்பழம் அளவு, கருகருவென்று! ஆனால் திரும்பும் வழியில் பனிவண்டி கவிழ்ந்து ஓட்டுநர் பரிதியின் தொடை நசுங்கிவிட்டது. செயற்கைக்கோள் தொலைபேசி பனிப்பிளவுக்குள் போய்ச் சேர்ந்தது. நாளை பனிப்புயல். அதற்குள் ஹெலிகாப்டர் வராவிட்டால் பரிதி பிழைக்க மாட்டான். மிச்சமிருந்த சிற்றலை வானொலியோ முகாமை எட்டவேயில்லை.

வானத்தின் மேலடுக்குகளை ஆராய வந்த குணசீலனை அவள் ஒருநாளும் மதித்ததில்லை. காற்றை அளந்து சம்பளம் வாங்குகிறவன் என்பாள்.

"செட்டுல கோளாறு இல்ல மேடம். சூரியன்ல புயல். அதுல கிளம்புற துகளெல்லாம் துருவத்துலதான் வந்து இறங்கும். தலைக்கு மேல ஒரு அடுக்கு நம்ம சிக்னலை அப்படியே விழுங்குது. அலைவரிசையை உயர்த்தினா தப்பிக்கலாம்."

"உயர்த்தித் தொலையேன்!"

"உயர்த்தினா முகாமைத் தாண்டிக் குதிச்சிடும். கடலுக்கு அந்தப் பக்கம் எங்கேயாவதுதான் இறங்கும்."

"பக்கத்து வீட்டுல உப்பு வாங்க சிங்கப்பூர் போகச் சொல்றே. என்னா மூளை!"

பரிதி முனகினான். வேறு வழியில்லை. குணசீலன் உயர்த்தினான், ஆங்கிலத்திலும் தமிழிலும் மாறி மாறிக் கூவினான். தொண்டை கட்டியபோது ஒரு குரல் வந்தது. கோவில்பட்டியில் பொழுதுபோக்குக்காக வானொலி வைத்திருக்கும் சங்கரபாண்டி!

"அண்டார்டிகாவாலே? நான் நிலாவுல நின்னு பல்லு வெளக்குதேன். வையிலே, வேலையத்த பயலே!"

ரெபேக்காள் மறுபடி ஒலிவாங்கியைப் பிடுங்கினாள். கோவில்பட்டிக்குத் தெற்கே உள்ள நாசரேத்தில் பிறந்தவள், ஊர்ப்பேச்சு தானாகப் பொங்கியது.

"ஓய்! உம்மகிட்ட வெளையாட எனக்கென்ன கிறுக்கா? இங்க ஒருத்தன் சாவக் கெடக்கான். நம்பரு சொல்லுதேன், முகாமுக்குப் போனைப் போடும். மாட்டேம்னா அந்தச் செட்டைக் குப்பையில வீசிட்டு மாடு மேய்க்கப் போவும்!"

கரகரப்பு ஏறியது. சிக்னல் போய்விட்டதோ என்று குணசீலன் பதறினான்.

"நம்புதேன் தாயி," என்றது குரல். "பொய்க்காரி கெஞ்சுவா. நீ ஏசுதே. நம்பரைச் சொல்லு."

பனிப்புயலுக்கு முன்பே ஹெலிகாப்டர் வந்தது.

முகாமில் எல்லோரும் விண்கல்லோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ரெபேக்காள் அந்தக் கும்பலை ஏறிட்டும் பார்க்காமல் பரிதியின் கட்டிலுக்குப் போனாள். அவன் கண்விழித்திருந்தான். குணசீலன் வாசலில் தயங்கி நின்றான்.

"உள்ள வா. இவன் பொழைச்சது உன்னாலதான். அதுக்காக நாளைக்கும் மதிப்பேன்னு நினைக்காதே."

மறுநாளும் மதித்தாள். அது அவளுக்கே பிடிக்கவில்லை.