தூணின் அடி

1984ஆம் ஆண்டு தொடக்கத்தில், மலேசியாவில் செமினிக்கு அப்பால் அணை நீருக்குள் போகவிருந்த ஒரு மலாய்க் கம்பத்திலிருந்து, அதாவது கிராமத்திலிருந்து, பலகை வீடு ஒன்று கழற்றப்பட்டு, லோரிகளில் ஏற்றி வரப்பட்டு, டெங்கிலில் மீண்டும் நிறுத்தப்பட்டது. அதை வாங்கியவர் கிள்ளான் ரயில் நிலையத்தில் வேலை பார்த்த கிரிகரி.

கோழிகள் வீட்டுக்கு அடியில் போகாததைத்தான் அவர் மனைவி கெர்ட்ரூட் முதலில் கவனித்தாள். தரையிலிருந்து ஆள் மார்பளவு உயரத்தில் தூண்கள்மேல் நின்ற வீடு. அடியில் நல்ல நிழல். இருந்தும் உச்சி வெயிலில் கோழிகள் அலகைத் திறந்து மூச்சு வாங்கியபடி வேலியோரமாகவே நின்றன. அரிசி நொய்யை அள்ளி அடியில் வீசினாள். ஒன்றும் அசையவில்லை.

கிரிகரிக்கு அந்த வீட்டின்மேல் கொள்ளை ஆசை. ஒரு ஆணி கிடையாது. துளைக்குள் முளை, முளையை இறுக்க ஆப்பு, அவ்வளவுதான். நடுவில் நின்றது தியாங் செரி என்று மலாய்க்காரர்கள் சொல்லும் தாய்த்தூண். வீடு கட்டும்போது முதலில் நடுவது அதைத்தான். மற்றத் தூண்கள் கல்மேல் உட்காரும். இது மட்டும் மண்ணுக்குள் இறங்கியிருக்கும். டெங்கிலில் இதுவும் ஒரு சிமெண்டுக் கட்டைமேல் நின்றது. வீட்டுக்குள் உயர்ந்த அதன் மேல்பகுதியில் கெர்ட்ரூட் மாதா படத்தை மாட்டியிருந்தாள்.

குடிவந்த வாரமே தூண்களில் ஈரம் தெரிந்தது. எல்லாத் தூண்களிலும் ஒரே மட்டத்தில், கயிறு பிடித்துக் கோடு போட்டதுபோல். தொட்டால் விரலில் பச்சைச் சேறு. கீழே மண்ணோ காய்ந்து புழுதி பறந்தது.

"என்னங்க, தூண்ல தண்ணி ஏறுது."

"மரம்னா தண்ணி குடிக்கும் லா, கெர்ட்டி. நீ குவார்ட்டர்ஸ் சிமெண்டுத் தரையில வளர்ந்தவ, உனக்கெங்க தெரியப் போவுது."

"எல்லாத் தூணும் ஒரே அளவாவா குடிக்கும்?"

"எங்க ஸ்டேஷன்ல பீர் குடிக்கிறவனுங்க எல்லாம் ஒரே அளவுதான் குடிக்கிறானுங்க," என்று சிரித்தார். ரயில்வே குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்தாயிற்று. அவர்களுக்கு வேறு கூரை இல்லை.

கோடு ஏறிக்கொண்டே வந்தது. அவர் வேலைக்குப் போனபின், தவழத் தொடங்கியிருந்த லெஸ்லியோடு அவள் தனியாக இருக்கும் பொழுதுகளில், பலகை இடுக்குகள் வழியே அழுகிய இலையும் பாசியும் கலந்த ஆற்றங்கரை வாடை மேலேறி வந்து துணியிலும் பாயிலும் குழந்தையின் தலைமுடியிலும் தங்கியது. வெயில் சாயும்போது அடியிலிருந்து எழுந்த வெளிச்சம் கூரையின் உட்புறத்தில் நெளிந்து நெளிந்து ஓடியது. கட்டிவைத்த சம்பான் படகு படித்துறையில் மோதுவதுபோல் ஏதோ ஒன்று கீழே தூணை மெதுவாக இடித்துவிட்டு விலகியது. லெஸ்லி குப்புறப் படுத்து இடுக்கில் கண்ணை வைத்துக்கொண்டான். கீழே எதையோ பார்வையால் பின்தொடர்ந்து சிரித்தான். அவள் பாய்ந்து தூக்கினாள். அவன் கன்னம் நனைந்திருந்தது.

அன்றே தொட்டில் கயிற்றைச் சுருக்கி உயரக் கட்டினாள்.

வீட்டை ஏற்றிவந்த லோரிக்காரர் பக்கிரிசாமி இப்போது அணைக்குக் கல் ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார். அந்த வழியாக வந்தவர் முற்றத்தில் நின்று தேநீர் குடித்தார்.

"அண்ணே, நடுத்தூணுக்கு மட்டும் ஏன் சிமெண்டுக் கட்டை?"

"மண்ணு விடலம்மா. எவ்வளவோ தோண்டிப் பார்த்தோம். வீட்டை வித்த மலாய்க் கிழவி, மக்சிக் லீமா, அடியோட எடுங்க, இல்லாட்டி வீட்டை விட்டுட்டுப் போங்கன்னு கத்துச்சு. கிரிகரி சிரிச்சிக்கிட்டே ரம்பத்தை எடுத்து அறுத்துட்டாரு. அடி அங்கேயேதான் நிக்குது."

"அங்க இப்ப தண்ணி வந்துருச்சா?"

"மலையில நல்ல மழை. நேத்துப் பார்த்தேன், இவ்ளோ." அவர் தன் விலாவருகே கையை வைத்துக் காட்டினார்.

கெர்ட்ரூட் அந்தக் கையைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் இருந்த தூணைப் பார்த்தாள். ஈரக்கோடு அதே உயரத்தில் இருந்தது.

அன்று மாலை துணிகளைப் பையில் அடைத்தாள்.

"தண்ணி வீட்டுப் பலகையைத் தொட இன்னும் ஒரு சாண்தாங்க இருக்கு. வாங்க, அக்கா வீட்டுக்குப் போயிடலாம்."

"இந்த வாரம் நைட் ஷிப்ட் முடிச்சு நான் பகல்ல தூங்கணும். பிரிக்பீல்ட்ஸ்ல சாந்தமேரி வீட்டுல மனுசன் தூங்குவானா? நீ போ, பயம் தெளிஞ்சதும் வா. நான் ஞாயிறு பூசைக்கு வரேன்." பையை பஸ் வரைக்கும் அவரே தூக்கி வந்தார். "மாதாவைக் கூட்டிட்டுப் போறியா, எனக்கு விட்டுட்டுப் போறியா?"

"உங்களுக்குத்தான்," என்றாள். அவள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்தது. அவர் வரவில்லை.

குழந்தையை அக்காவிடம் விட்டுவிட்டு பஸ் ஏறினாள்.

டெங்கிலில் மழை பெய்து வாரக்கணக்காகியிருந்தது. பாதையெல்லாம் புழுதி. வேலியோரம் கோழிகள். தூண்களில் கோடு இல்லை. அவளுக்கு மூச்சு வந்தது. பிறகுதான் புரிந்தது. தூண் முழுவதும் ஒரே நிறம். சுவர்ப் பலகைகளும். கூரை விளிம்பு வரைக்கும். நனைந்த நிறம்.

கதவைத் தள்ளினாள். உள்ளிருந்து ஏதோ எதிர்த்துத் தள்ளியது. கனமாக. மெதுவாக. பிறகு விட்டது.

காற்று இல்லை. ஜன்னல் திரை மேல்நோக்கி நின்று ஆடியது. தொட்டில் சேலை கூரையை நோக்கி விரிந்திருந்தது. பாய் காலி.

"என்னங்க?"

அவள் காலடியில் புழுதி.

தூணில் மாதா படம் இல்லை. அது உயரே உத்தரத்தில் முட்டி முட்டி விலகியது. அதன் பக்கத்தில் கிரிகரி. முதுகு கூரையில். முகம் கீழே. கைகள் தொங்கின. கைலி விரிந்திருந்தது. தலைமுடி அலைந்தது. திறந்த வாயிலிருந்து ஒரு குமிழி கிளம்பி, கன்னத்தைச் சுற்றிக்கொண்டு மேலே போனது.

நீரில் மூழ்கியதால் மரணம் என்று மருத்துவர் எழுதினார். நுரையீரலில் சேறும் பாசியும் இருந்தன. கைலி உலர்ந்திருந்தது.