பெட்டியிலிருந்து போன குரல்

வெள்ளிக்கிழமை காலை, ஹால் ஜன்னலுக்கு மேலே இருந்த பெட்டியில் பச்சை விளக்கு எரிந்தது. குரல்தான் வரவில்லை.

அம்மா தண்ணீர் டம்ளரைப் பிடித்தபடி அப்படியே நின்றாள். தினமும் அந்த நேரத்துக்கு, "அம்மா, எழுந்தாச்சா? முதல்ல மாத்திரையைப் போட்டுக்கோ" என்று பெட்டி பேசும். பேசுவது அவள் மகன். விபத்தில் அவன் போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது.

பெட்டியை வைத்தவனும் அவன்தான். ஆன்டெனா முளைத்த சின்னப் பெட்டி. அக்கம்பக்கத்துக் கருவிகளுக்கு சிக்னல் கொடுக்கும், அதற்குக் கூலியாக கிரிப்டோ காசு சேரும் என்று பெருமையடித்துக்கொள்வான். காசு சேர்ந்ததோ இல்லையோ, பிள்ளை அதற்குள் தன் குரலைப் பதிந்து ஒரு குட்டி ஸ்பீக்கரையும் மாட்டிவிட்டுப் போயிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமை துருவி வந்து இறங்கினாள். குற்றப்பிரிவு இன்ஸ்பெக்டர், அம்மாவின் கணவருக்கு ஒரே தங்கை. சின்ன வயதிலிருந்தே எதையும் துருவித் துருவிக் கேட்டதால் வீட்டில் வைத்த பெயர் அது. ஸ்டேஷனிலும் அதே பெயர்தான், என்ன, முதுகுக்குப் பின்னால் சொல்வார்கள். அவளை வரவழைத்தது மருமகள், இறந்துபோன மகனின் மனைவி, அனுப்பிய செய்தி. தமிழை ஆங்கில எழுத்தில் கோர்த்து, புள்ளியும் இல்லாமல் கமாவும் இல்லாமல், மூன்று தடவை படித்தால்தான் பிடிபடும் செய்தி. அத்தை என்னைத் திருடி என்கிறார், நான் கிளம்புகிறேன், நீங்கள் ஒரு தடவை வந்து பாருங்கள் என்பது அதன் சாரம்.

வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. மருமகள் அறைக்குள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன் சாப்பாட்டு மேஜையில் செய்தித்தாளை விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒற்றுப்பிழைகளைச் சுழித்துக்கொண்டிருந்தார். அச்சகத்தில் பிழை திருத்தியே தலை நரைத்த மனுஷன். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருக்காது.

துருவி அண்ணியிடமிருந்து ஆரம்பித்தாள்.

"சொல்லுங்க அண்ணி. பெட்டி எப்போதிலேர்ந்து கெட்டுது?"

"ரெண்டு வாரமாவே சிவப்பு லைட்டு. ஆனா அவன் பேசிட்டுத்தான் இருந்தான். அவன் கண்ணு சிவந்து கிடக்கேன்னு நான்தான் அழுதேன். நடுவுல வெளியூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன், அங்க என் தங்கச்சி வீட்டுலயே ஒரு வாரம் தங்கிட்டேன். வியாழக்கிழமை ராத்திரிதான் வந்தேன். விடிஞ்சு பாத்தா பச்சை லைட்டு. என் பிள்ளையைக் காணோம்."

"மருமகதான்னு எப்படிச் சொல்றீங்க?"

"பெட்டி மேல கடைக்காரன் நம்பர் ஒட்டியிருந்தது. கேட்டேன். புது சாப்ட்வேர் ஏத்தச் சொல்லி இவ நம்பர்லேர்ந்துதான் செய்தி வந்ததாம். வயித்தெரிச்சலா இருக்கு! அவ மேல கையை ஓங்கலை, அது ஒண்ணுதான் பாக்கி."

துருவி கடைக்காரனுக்குப் போன் போட்டாள். கடை வேறு ஊரில்.

"அந்தப் பழைய சாப்ட்வேர் கம்பெனி கடையைக் கட்டிருச்சுங்க. அதான் சிவப்பு. புதுசு ஏத்தினாத்தான் பெட்டிக்கு மறுபடி உசுரு. மெமரி கார்டை கூரியர்ல அனுப்பினாங்க. துடைச்சுட்டுப் புதுசை ஏத்தித் திருப்பிட்டேன்."

"துடைச்சுட்டா?"

"ஆமாங்க, கார்டு மொத்தமும் அழிஞ்சாத்தான் புதுசு ஏறும். அதான் முன்னாடியே கேட்டுக்குவேன். மேடம், என் மேல தப்பு வரக்கூடாது. செய்தியை அப்படியே அனுப்புறேன், பாருங்க."

வந்தது. புது சாப்ட்வேர் ஏற்றச் சொன்ன செய்திக்குக் கீழே மூன்றே வரி.

கடை: கார்டு எடுத்தாச்சா?

பதில்: எடுத்தாயிற்று.

கடை: அப்ப அனுப்புங்க.

துருவி அதை இரண்டு தடவை படித்தாள். பிறகு மறுபடியும் கடைக்காரனை அழைத்தாள்.

"கார்டு எடுக்கறதுன்னா என்னப்பா?"

"நகல் எடுக்கறதுங்க. எங்க தொழில்ல அப்படித்தான் சொல்லுவோம். உள்ள இருக்கறதைக் காப்பி எடுத்தாச்சான்னு அர்த்தம்."

துருவி எழுந்து மருமகள் இருந்த அறைக்குள் போனாள்.

"உன் போனுக்குப் பூட்டு உண்டா?"

"இல்ல சின்னத்தை. மாமாவுக்கு பட்டன் போன்தானே, ஏதாவது பாக்கணும்னா எடுத்துப்பார். பகல் பூரா ஹால்ல சார்ஜ்லதான் கிடக்கும். கடைக்காரர் நம்பரும் அதுலதான் இருக்கு."

துருவி போனை வாங்கிப் பார்த்தாள்; கடைக்காரனுக்குப் போன செய்தி அதில் இல்லை, யாரோ அழித்திருந்தார்கள்.

"நீ அனுப்பலைன்னு ஏன் கத்திச் சொல்லலை?"

மருமகள் குனிந்து, மடித்த புடவையையே மறுபடியும் மடித்தாள்.

துருவி எல்லாரையும் ஹாலுக்குக் கூப்பிட்டாள். எத்தனையோ பேரைக் குற்றவாளி என்று கை நீட்டிக் காட்டியவள். இன்றைக்குக் கை எழவில்லை. அப்பா இல்லாத வீட்டில் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தது இந்த அண்ணன்தான். பாழாய்ப்போன உத்தியோகம், வேறென்ன சொல்ல?

"அண்ணி, இவ எனக்கு அனுப்பின செய்தியைப் பாருங்க. எல்லாம் ஆங்கில எழுத்து. ஒரு புள்ளி கிடையாது. இப்ப கடைக்குப் போன பதிலைப் பாருங்க. எடுத்தாச்சுன்னுகூட இல்லை, எடுத்தாயிற்று. அதுக்கு அப்புறம் முற்றுப்புள்ளி. அவசரமா போன்ல தட்டும்போதுகூட முற்றுப்புள்ளி வைக்காம விட மனசு வராத ஆள் இந்த வீட்டுல ஒருத்தர்தான்."

அண்ணன் பென்சிலைக் கீழே வைத்தார்.

"கடைக்காரன் நகல் எடுத்தாச்சான்னு கேட்டான். கார்டைப் பெட்டியிலேர்ந்து வெளிய எடுத்தாச்சான்னு நீ புரிஞ்சுக்கிட்ட. அப்படித்தானே அண்ணா?"

"கழட்டிக் கையில வச்சிருந்தேன்," என்றார் அவர். "கேள்வி சரியாத்தான் இருந்தது. எடுத்தாயிற்றுன்னு எழுதிட்டேன். வாழ்க்கை பூரா ஊரார் எழுதினதுல தப்புக் கண்டுபிடிச்சேன். என் தப்பு என் கண்ணுல படலை."

"எதுக்குங்க?" என்றாள் அம்மா. "உங்களை யார் கேட்டா?"

"சிவப்பு லைட்டைப் பாத்துப் பாத்து அழுதியே. நீ ஊர்லேர்ந்து வர்றதுக்குள்ள பச்சையாக்கி வைக்கலாம்னு நினைச்சேன். நீ சந்தோஷப்படுவேன்னு."

"செய்தியை அழிச்சது?" துருவி விடவில்லை. "அதுவும் புரியாமப் பண்ணினதா?"

"இல்லை. வெள்ளிக்கிழமை குரல் வரலைன்னதும் எனக்குப் புரிஞ்சுபோச்சு. அப்பத்தான் அழிச்சேன்." அவர் மனைவியைக் காட்டினார். "ஆஸ்பத்திரியில அவன் போயிட்டான்னு இவகிட்ட நான்தான் சொன்னேன். இன்னொரு தடவை என்னால சொல்ல முடியலை. இவ மருமகளைச் சொன்னா. நான் வாயை மூடிக்கிட்டேன். அதுதான் பாவம், மத்ததெல்லாம் தப்பு."

அம்மா அவரைத் திட்டுவாள் என்று துருவி எதிர்பார்த்தாள். திட்டவில்லை. மெதுவாக எழுந்து மருமகள் பக்கம் திரும்பினாள்.

"நான் உன்னைத் திருடின்னு சொன்னேனேம்மா. நீ ஏன் ஒரு வார்த்தை எதுத்துப் பேசலை?"

"பேசியிருக்கணும் அத்தை. ஆனா அந்தக் குரல் நின்னு போகட்டும்னு நான் தினமும் நினைச்சது நிஜம். நினைச்ச குத்தம் உறுத்திச்சு, அதான் வாய் வரலை."

"அவன் குரலையா? உன் புருஷன் குரல்தானேடி அது!"

"ஆமா அத்தை. தினமும் காலையில தலையணையால காதைப் பொத்திப்பேன். அப்பவும் கேக்கும். உங்களைக் கூப்பிடுவார். மாத்திரை போட்டுக்கச் சொல்லுவார்." அவள் நிறுத்தினாள். பிறகு பொங்கிவிட்டாள். "ஒரு வருஷமா ஒரு தடவைகூட என்னைக் கூப்பிடலை அத்தை."

அம்மா சட்டென்று அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அடப்பாவமே, இது தனக்குத் தோன்றவே இல்லையே என்று துருவி நினைத்தாள். இத்தனை துருவியும் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

"உன்னை அவன் என்னன்னு கூப்பிடுவான்?" என்று கேட்டாள் அம்மா.

மருமகள் மாமனாரையும் துருவியையும் பார்த்துக் கூச்சப்பட்டாள். பிறகு அத்தையின் காதருகே குனிந்து சொன்னாள்.

அம்மா அவள் கன்னத்தை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, மகன் வைத்திருந்த அந்தப் பெயரைச் சொல்லி அவளைக் கூப்பிட்டாள்.