குதிரையின் வயிற்று மண்

காலை எட்டு மணிக்கு அகழாய்வுக் கொட்டகையைத் திறந்த பயிற்சி அக்கா, போன வேகத்திலேயே வெளியே வந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. முந்தின நாள் சாயங்காலம் பிள்ளைகள் தோண்டியெடுத்த சுடுமண் குதிரையைக் காணோம். பூட்டு மட்டும் பத்திரமாகத் தொங்கியது. அதற்குச் சாவி இரண்டு. ஒன்று அக்காவிடம், மற்றது மேலதிகாரியிடம்.

மேலதிகாரி சும்மா இருப்பாரா? போலீசுக்குப் போன் போட்டுவிட்டு, நாற்காலியைக் கைக்குட்டையால் இரண்டு தடவை துடைத்து உட்கார்ந்தார். பள்ளிப் பிள்ளைகளை அகழாய்வில் விட்டதே தப்பு, அந்தக் குழியில் இனி ஒன்றும் கிடையாது, இன்றைக்கே மூடிவிட வேண்டும் என்று ஆரம்பித்தார்.

இன்ஸ்பெக்டர் வந்து, வேலியில் தொங்கிய பைகளைச் சோதித்தார். மண்வெட்டி என்று எல்லோரும் கூப்பிடும் பையனின் பையில், துண்டுக்குள் சுற்றிக் கிடந்தது குதிரை. நான் எடுக்கவில்லை என்று பையன் பதறினான். பள்ளியில் சேர்ந்த நாளிலிருந்து அவனோடு ஒரே பெஞ்சில் உட்காரும் சல்லடை என்ற பெண்ணுக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. மண் சலிப்பதில் அவளை அடிக்க ஆளில்லை, அதனால் வந்த பெயர் அது.

"கொஞ்சம் இருங்க சார். நான் ஒரு தடவை பாத்துக்கறேன்."

குதிரையைத் திருப்பினாள். பளிச்சென்று இருந்தது. வயிற்றுக்குள் ஒரு பொட்டு மண் இல்லை. துண்டு ஈரமாக இருந்தது.

"இவன் எடுக்கல சார். கழுவியிருக்கு, பாருங்க."

கழுவினால் என்ன என்று இன்ஸ்பெக்டர் கேட்டார்.

"உள்ள மண் இருந்தா எங்காளுங்க யாரும் கழுவ மாட்டாங்க. அந்த மண்ணையும் தனியா சலிக்கணும். அக்கா முதல் நாளே சொல்லித் தந்தது அது. நான் மறந்துட்டு மண் ஒட்டின ஒரு ஓட்டுச்சில்லைக் கழுவினதுக்கு இவன் ரெண்டு நாள் என்கிட்ட மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டிருந்தான்."

தண்ணீர் எங்கே கிடைத்தது என்பது அடுத்த கேள்வி. அதற்கு அவள் யோசிக்கவே இல்லை. தண்ணீர் வண்டி வந்து இரண்டு நாள் ஆயிற்று. நேற்று குடிக்கத் தண்ணீர் கேட்டுப் போனபோது, மண் காலோடு உள்ளே வராதே என்று மேலதிகாரி வாசலிலேயே விரட்டிவிட்டார். வளாகத்தில் குழாய் வருவது அவர் அறையில் மட்டும்தான். அறைச் சாவியும் அவர் ஒருவரிடம்தான்.

"சின்னப் பொண்ணு பேச்சைக் கேட்டு என் ரூமைச் சோதிப்பீங்களா?" என்று மேலதிகாரி எழுந்தார்.

"பையைச் சோதிச்சேன் இல்ல சார், அதே மாதிரிதான்" என்றார் இன்ஸ்பெக்டர்.

கை கழுவும் தொட்டி கண்ணாடி மாதிரி துடைத்திருந்தது. சல்லடை தரையில் மண்டியிட்டு, தொட்டிக்கு அடியில் வளைந்து போகும் குழாயைத் திருகிக் கழற்றினாள். அழுக்குத் தண்ணீர் பாவாடையெல்லாம் தெறித்தது. அவள் சட்டை செய்யவில்லை. குழாயில் கிடந்ததைத் தன் சல்லடையில் கவிழ்த்து அலசினாள்.

வளாகம் முழுக்கச் செம்மண். சல்லடையில் நின்றதோ கருஞ்சாம்பல் மண்ணும் கரித்துண்டுகளும். குதிரை கிடந்த அடுக்கின் மண் அது, குழியின் அடியில் மட்டும் உள்ளது.

"உங்க பையில மண் ஒட்டக் கூடாதுன்னு கழுவினீங்க. காலையில நாங்க கொட்டகைகிட்ட நிக்கும்போது இவன் பையில வச்சீங்க. எங்களைத் திருடங்கன்னு சொல்லிட்டாக் குழியை மூடிடலாம், அதானே?"

மேலதிகாரி கைக்குட்டையை எடுத்துக் கையைத் துடைத்தார். இன்ஸ்பெக்டர் திரும்பக் கேட்டபோது, கட்டடக்காரருக்கு அந்த நிலத்தைக் கொடுப்பதாக வாக்குக் கொடுத்துவிட்டேன் என்று முனகினார்.

சல்லடை இன்னும் அலசிக்கொண்டிருந்தாள். கரித்துண்டுகளுக்கு நடுவே கடுகளவில் ஏதோ மின்னியது. விரல் நுனியில் ஒட்டியெடுத்தாள். துளையிட்ட நீலமணி ஒன்று. குதிரையின் வயிற்றில் இத்தனை காலம் பத்திரமாக இருந்தது, நேற்று சாக்கடைக்குப் போகப் பார்த்திருக்கிறது. அவளுக்கு அழுகை முட்டியது, கோபத்தில்.

"ஒண்ணும் கிடையாதுன்னீங்களே சார். உங்க தொட்டிக்கு அடியிலயே கிடைக்குது. அங்க எவ்வளவு இருக்கும்? குழியை மூட விட மாட்டோம்."

மணியை அக்காவின் உள்ளங்கையில் வைத்துவிட்டு, ஈரப் பாவாடையோடு சல்லடையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள். மண்வெட்டி அதற்குள் குழிக்குள் இறங்கியிருந்தான்.