பத்தாவது ஊசி

அனுப்பிரியாவின் வீட்டில் ஊசி எடுப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஊசி, நூல், பட்டன், கத்தரிக்கோல், அளவு நாடா எல்லாம் ஒரே மஞ்சப்பையில்தான் கிடக்கும். கையை உள்ளே விட்டால் முதலில் வருவது ஊசி இல்லை, "ஆ!" என்ற சத்தம்தான். அதனால் தம்பி நிலவன் அந்தப் பைக்கு முள்ளம்பன்றி என்று பெயர் வைத்திருந்தான்.

அந்தச் சனிக்கிழமை முள்ளம்பன்றியைத் தொட வேண்டிய நிலைமை அனுவுக்கு வந்தது. எல்லாம் நிலவனின் கால்சட்டை செய்த வேலை. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வைத்த ஓட்டப்பந்தயத்தில், பாதி வழியில் அதன் பட்டன் தெறித்துவிட்டது. ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே ஓடி, கடைசி ஆளாக வந்து சேர்ந்தான். திங்கட்கிழமை இன்னொரு பந்தயம் இருக்கிறது. அதற்குள் பட்டன் தைத்தாக வேண்டும். ஐந்தாம் வகுப்பு படிக்கும் அனுவுக்குப் பட்டன் தைக்கத் தெரியும்.

அப்பா பிரபாகரன் ஜீப் ஓட்டுகிறவர். விடியும்போதே ஏலத்தோட்டத்துக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு மலைக்குப் போய்விட்டார். அம்மா பொற்கொடி ரேஷன் கடைக்குப் போயிருந்தார். முன்னறையில் தார்ப்பாய் விரித்து, அதன்மேல் ஏலக்காய் குவிந்து கிடந்தது.

போடி ஊரில் பல வீடுகளில் நடக்கிற வேலைதான் அது. ஏலக்காய்க் கடையிலிருந்து ஒரு மூட்டை காய் வரும். வெடித்த காய், காம்பு, சருகு எல்லாவற்றையும் பொறுக்கி எடுத்துவிட்டு, நல்ல காயை மட்டும் அம்மா தனியாகக் குவிப்பார். சாயங்காலம் கடையிலிருந்து தங்கபாண்டி அண்ணன் லோடு ஆட்டோவில் வந்து எடுத்துப் போவார்.

தார்ப்பாய்க்குப் பக்கத்தில் வேறு எந்த வேலையும் பார்க்கக் கூடாது. இது அம்மாவின் கட்டளை. காய் பொறுக்கும்போது அவர் கண்ணாடி வளையல்கூடப் போட மாட்டார். போன வருடம் மேலத்தெருவில் ஒருவர் கொடுத்த மூட்டையில் உடைந்த வளையல் துண்டு இருந்ததாம். அதற்குப் பிறகு கடைக்காரர் அவருக்குக் காயே கொடுப்பதில்லை.

கட்டளை அனுவுக்கும் தெரியும். ஆனால் மின்விசிறி அந்த அறையில்தான் ஓடுகிறது. ஓரமாகத்தானே உட்காரப் போகிறோம் என்று பையோடு உட்கார்ந்துவிட்டாள்.

"அக்கா, தச்சுட்டியா?" என்று கேட்டுக்கொண்டே ஓடி வந்தான் நிலவன். வந்தவன் சும்மா வந்தானா? பையில் கால் தடுக்கி விழுந்தான். மஞ்சப்பை கவிழ்ந்தது. அம்மா பொறுக்கி முடித்த நல்ல காய்க் குவியலின் மேல் பட்டன்களும் நூல்கண்டுகளும் போய் விழுந்தன.

அனுவுக்கு உயிரே போய்விட்டது. இரண்டு பேரும் அவசர அவசரமாகப் பொறுக்கினார்கள். எல்லாவற்றையும் பைக்குள் அள்ளிப்போட்டு, பையை உள்ளறைக்குத் தூக்கிப்போகவும், அம்மா அரிசிப் பையோடு வாசலில் நுழையவும் சரியாக இருந்தது. அம்மா உட்கார்ந்து மிச்சக் காயையும் பொறுக்கினார். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டி, வாயைக் கட்டிவிட்டுச் சமையல்கட்டுக்குப் போனார்.

உள்ளறையில் அனுவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பட்டன் கண்ணில் படும். நூல்கண்டும் படும். ஊசி?

"ஊசியெல்லாம் எடுத்தாச்சுல்ல?" என்று தம்பியிடம் கேட்டாள்.

"எடுத்தாச்சு."

"எத்தன ஊசி இருந்துச்சுன்னு ஒனக்குத் தெரியுமா?"

நிலவன் உதட்டைப் பிதுக்கினான். அவனுக்கு மட்டுமா, அந்த வீட்டில் யாருக்குமே அது தெரியாது. அனுவுக்கு எரிச்சலாக வந்தது. எத்தனை இருந்தது என்று தெரியாவிட்டால், எத்தனை குறைகிறது என்று எப்படித் தெரியும்? அவள் ஒரு பழைய வேட்டியை விரித்து, முள்ளம்பன்றியைத் தலைகீழாகக் கொட்டினாள். பட்டன் ஒரு பக்கம், நூல் ஒரு பக்கம், ஊசி ஒரு பக்கம் என்று பிரித்தாள். கருப்பு நூல் வெள்ளை நூலோடு பின்னிக் கிடந்தது. சிக்கெடுத்தாள். அதற்குள்ளிருந்துகூட ஓர் ஊசி வந்தது.

பையின் அடியில் ஊசிப் பொட்டலத்தின் அட்டை கிடைத்தது. "பத்து ஊசிகள்" என்று அதில் அச்சடித்திருந்தது. போகி அன்று துருப்பிடித்த பழைய ஊசிகளை எல்லாம் கழித்துவிட்டு, அம்மா புதிதாக வாங்கிய பொட்டலம் அது. அப்படியென்றால் வீட்டில் பத்து ஊசி இருக்க வேண்டும். வேட்டியில் இருந்ததோ ஐந்து.

அனு வீடு முழுக்கத் தேடினாள். சுவரில் தொங்கும் நாள்காட்டி அட்டையில் இரண்டு ஊசி குத்தியிருந்தது. பாதி தைத்தபடி கிடந்த அப்பாவின் காக்கிச் சட்டையில் ஒன்று இருந்தது. அப்புறம்தான் பக்கத்து வீட்டு அய்யம்மாள் அத்தை ஊசி வாங்கிப் போன ஞாபகம் வந்தது. ஓடிப்போய்க் கேட்டாள்.

"எங்கிட்டத்தான் இருக்கு ஆத்தா. குடுக்கணும்னு நெனைப்பேன். நெனப்பு வர்றப்பவெல்லாம் வௌக்கு வச்சிருப்பேன். வௌக்கு வச்ச பெறகு ஊசி குடுக்கலாமா?" என்றார் அத்தை. இப்போது பகல்தான் என்பதால் உடனே எடுத்துக் கொடுத்தார்.

ஒன்பது ஆகிவிட்டது. பாய்க்கடியில், தலையணையில், நிலவனின் சட்டைப்பையில் எல்லாம் பார்த்தாள். பத்தாவது ஊசி எங்கும் இல்லை.

அனு சமையல்கட்டு வாசலில் போய் நின்றாள். திட்டு விழும் என்று தெரியும். ஆனால் சொல்லாமல் இருக்க முடியாது.

"மூட்டைய அனுப்பாதம்மா. அதுல ஒரு ஊசி கெடக்கும்போல."

அம்மாவின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. நடந்ததை எல்லாம் அனு ஒன்று விடாமல் சொன்னாள். மின்விசிறி ஆசையையும் சேர்த்தே சொன்னாள். அம்மாவுக்குக் கோபம் வந்தது. அதைவிடப் பயம் அதிகமாக வந்தது.

"வேற எங்கயாச்சும் கெடக்கும்டி. தங்கபாண்டி வர்ற நேரமாச்சு. மூட்டையக் கொட்டி எப்பத் தேட?"

"வேற எங்கயும் இல்லம்மா. எல்லா எடத்துலயும் பாத்துட்டேன்."

"பாயாசத்துல ஊசி வந்தா என்னாகும்?" என்று நிலவன் நடுவில் கேட்டான்.

அம்மா அடுப்பை அணைத்தார்.

மூட்டையைத் தார்ப்பாயில் கொட்டினார்கள். அவ்வளவு காய்க்கு நடுவில் ஓர் ஊசியைக் கண்ணால் தேடினால் கண் பூத்துப்போகும். அனு யோசித்தாள். தூசி தட்டுவதற்கு அம்மா வைத்திருக்கும் சல்லடையில் போட்டால் காய் மேலே நிற்கும், ஊசி கீழே விழும். விழுந்ததை எப்படிக் கண்டுபிடிப்பது? ஓடிப்போய்ப் பெரிய சில்வர் தாம்பாளத்தை எடுத்து வந்து சல்லடைக்குக் கீழே வைத்தாள்.

"தூசி விழுந்தா சத்தம் வராது. ஊசி விழுந்தா வரும்" என்றாள்.

மின்விசிறியை நிறுத்தினார்கள். நிலவன் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் குப்புறப் படுத்துக் காதைக் கொடுத்தான். அம்மா முறத்தால் அள்ளிப் போட, அனு சலித்தாள். கை வலித்தது. வியர்வை கண்ணில் இறங்கியது. சத்தம் வரவில்லை. வாசலில் லோடு ஆட்டோவின் சத்தம்தான் வந்தது.

தங்கபாண்டி அண்ணன் உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டி வைத்திருக்க வேண்டிய மூட்டை தரையில் பரவிக் கிடந்தது. "என்னக்கா, இன்னும் சோலி முடியலையா?"

அம்மா முறத்தைக் கீழே வைத்தார். என்ன சொல்வது என்று அவர் தடுமாறுவது அனுவுக்குத் தெரிந்தது. தன்னால்தானே இந்த நிலைமை என்று அவளுக்கு அழுகை முட்டியது. அழுவதற்கு நேரம் இல்லை.

"என்னாலதாண்ணே. பத்து ஊசியில ஒண்ணு கொறையுது, இதுக்குள்ள விழுந்திருக்கும்போல. எடுக்காம மூட்டையத் தர மாட்டோம்" என்றாள்.

அண்ணன் அவளையும் காயையும் மாறி மாறிப் பார்த்தார். "பக்கத்து ஊரு சிலமலையில ரெண்டு மூட்ட எடுக்கணும். போயிட்டு வர்றேன். அதுக்குள்ள வெரசா முடிங்க" என்று கிளம்பினார்.

மறுபடியும் சலித்தார்கள். பாதிக் காய் முடிந்தது. அம்மா கை மாற்றிக்கொள்கிறேன் என்றபோதும் அனு சல்லடையை விடவில்லை. நிலவன் தூங்கிவிட்டானோ என்று ஒரு தடவை தட்டிப் பார்த்தாள். தூங்கவில்லை, மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

லோடு ஆட்டோ திரும்பி வந்துவிட்டது. அண்ணன் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அது கேட்டது.

டிங்.

யாரும் அசையவில்லை. நிலவன்தான் தாம்பாளத்துக்குள் தலையை விட்டான். தூசிக்கு நடுவில் மெல்லிய வெள்ளிக் கோடுபோல ஊசி கிடந்தது.

"மிச்சத்தையும் சலிக்கணுமா?" என்று கேட்டார் அண்ணன்.

"வேணாம்ணே. ஒண்ணுதான் கொறஞ்சுச்சு. பத்தும் கெடச்சிருச்சு" என்றாள் அனு. எண்ணி வைத்தவளுக்குத்தானே அந்தத் தைரியம் வரும்!

அம்மா அவளை இழுத்து அணைத்துக்கொண்டார். மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்ட அண்ணன், வாசலில் நின்று திரும்பினார்.

"அடுத்த வாரத்துலருந்து ரெண்டு மூட்டையாப் போடவாக்கா? இந்த வீட்டுக் காய்னா நான் கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போவேன்."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. முள்ளம்பன்றிக்கு விடை கொடுக்கும் நாள். கொக்கி உடைந்து பரணில் கிடந்த அப்பாவின் டிபன் கேரியரை அனு இறக்கினாள். அடித்தட்டில் கத்தரிக்கோலும் அளவு நாடாவும் போயின. நடுத்தட்டில் நூல்கண்டுகள். பட்டன்களை அம்மா காய் தரம் பிரிப்பதுபோலவே பெரிசு, நடுத்தரம், பொடிசு என்று பிரித்துத் தந்தார்; அவையும் நடுத்தட்டுக்கே போயின. பழைய தாவணித் துணியில் சின்னத் தலையணை ஒன்று தைத்து, அதற்குள் உடைந்த காயின் தோலை அடைத்து, மேல்தட்டில் வைத்தார்கள். பத்து ஊசியும் அதில் வரிசையாக ஏறின. மூடியைத் திறந்தால் ஏலக்காய் மணத்தது. மலையிலிருந்து திரும்பிய அப்பா, பாயாசமாக்கும் என்று ஆசையோடு திறந்து ஏமாந்துபோனார்.

"எல்லாம் சரி, என் பட்டன் எங்க?" என்று கத்தினான் நிலவன்.

ஆமாம், அதை எல்லோரும் மறந்தே போயிருந்தார்கள்! அனு சிரித்துக்கொண்டே ஓர் ஊசியை எடுத்து நூல் கோத்தாள். தார்ப்பாய் இல்லாத பின்வாசலில் போய் உட்கார்ந்து, பட்டனைத் தைக்க ஆரம்பித்தாள். அவள் நூலை அறுத்து, ஊசியைத் தலையணையில் திரும்பக் குத்தும் வரைக்கும், நிலவன் எதிரே உட்கார்ந்து தாம்பாளத்தை அவள் கைக்குக் கீழே பிடித்துக்கொண்டே இருந்தான்.